தோல் நிறம் எந்தப் பென்சில்?

டிராயிங் சார் இங்க் பென்சில் டப்பா ஒன்று கொண்டுவந்தார். பார்க்க நம்ம கலர் பென்சில் மாதிரிதான் இருக்கும். ஈரப் பிரஷ்ஷால் தேய்த்தால் கரைந்து மை ஆகிவிடும். வாட்டர்கலர் பென்சில் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் திரும்பக் கரையும். இது முழுசாகக் கரைந்து காய்ந்துவிட்டால் அசையாது. அதன் மேல் அடுத்த நிறம் போட்டாலும் கலங்காது. மனித உருவத்துக்கு அதுதான் வசதி.

வாசலில் நிற்கும் என் அப்பாயியை வரைந்தேன். பெரியவர்கள் உயரம் சுமார் ஏழரைத் தலை. அப்பாயிக்குக் கூன், ஆறரைதான் வந்தது. கண் தலையின் நடுவில் வரும். நாம எல்லாரும் மேலே தூக்கி வைத்துவிடுகிறோம்.

என் பழைய கலர் டப்பாவில் 'ஸ்கின் கலர்' என்று ஒரு வெளிறிய ரோஸ் பென்சில். எல்லார் முகத்துக்கும் அதையே பூசுவேன். எங்க வீட்டில் யாருமே அந்த நிறம் இல்லை! அமெரிக்காவின் கிரயோலா கம்பெனி 'சதை நிறம்' என்ற பெயரை 1962-லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது.

அப்பாயிக்கு முதலில் காவி மஞ்சள், காய்ந்ததும் செம்பழுப்பு. கழுத்தடி நிழலுக்கு ஊதா. கறுப்பு போட்டால் அழுக்கு மாதிரி தெரியும். வெளிச்சம் விழும் இடத்தில் மஞ்சளை அப்படியே விடணும், காய்ந்த மையை எடுக்க முடியாது. நான் நெற்றியையும் பூசித் தொலைத்தேன்.

"ஏ புள்ள, என்னைய இவ்ளோ கறுப்பாவா போட்ட?" என்றார்கள் அப்பாயி. கையைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னார்கள்.