நிச்சயமான பிறகு வரும் நீல டிக்

நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் உள்ள மாதங்களில் இப்போதெல்லாம் காதல் போனில்தான் நடக்கிறது. நான் மதுரையில், அவர் பெங்களூரில். வீட்டில் பார்த்து முடித்த சம்பந்தம், பழகிக்கொண்டதென்னவோ வாட்ஸ்அப்பில். இப்போது அதே கட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் சில விஷயங்கள் உண்டு.

முதலில் அந்த நீல டிக். 2014 நவம்பரில் வந்தது. செய்தி திறக்கப்பட்டது என்பதற்கு மேல் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. அவர் மீட்டிங்கில் உட்கார்ந்தபடி திறந்திருப்பார். 'பார்த்துட்டுப் பதில் போடலையே' என்று எனக்கு இங்கே சுருக்கென்று இருக்கும். பேசிவைத்து இருவருமே ரீட் ரிசீட்டை அணைத்தோம். அணைத்தவருக்கு அடுத்தவருடைய டிக்கும் நீலமாகாது, அதனால் ஒருதலையாக வேவு பார்க்க வழியில்லை. (குடும்ப குரூப்பில் இது செல்லாது. யார் பார்த்தார்கள் என்று அத்தைகள் எடுக்கும் கணக்கை யாராலும் தடுக்க முடியாது.) லாஸ்ட் சீனையும் மறைத்தோம். 2022இலிருந்து 'ஆன்லைன்' என்று காட்டுவதைக்கூட மறைக்கலாம். மறைத்துவிடுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஏன் ஆன்லைனில் இருந்தாய் என்ற கேள்விக்கு எந்த உண்மையைச் சொன்னாலும் பொய் மாதிரிதான் கேட்கும்.

அடுத்தது, தினப்படி ராத்திரி போன். "சாப்ட்டீங்களா?" "ம்." "என்ன சாப்பாடு?" "தோசை." இப்படி ஆனால் அது வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுதான். பேச ஒன்றும் இல்லாத நாளில் அழைக்க வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு வந்த அழைப்புகளில் விஷயம் இருந்தது: அவருடைய அப்பாவின் கடன், என் வேலை மாற்றம். சண்டையை மட்டும் டைப் செய்யாதீர்கள். குரல் இல்லாத கோபம் இரட்டிப்பாகத் தெரியும்.

நேரில் சந்திக்கும்போது போன் பைக்குள் போகட்டும். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட்ஸ், டேவிட் இருவரும் செய்து 2015இல் வெளியான ஆய்வில், துணை போனில் மூழ்கித் தங்களைக் கவனிக்காமல் விட்டதாக 46 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். எடுத்தே ஆகவேண்டிய அழைப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. "ஆபீஸ்ல இருந்து ஒரு கால் வரும், எடுத்துக்கறேன்" என்று அவர் சொல்லிவிட்டு எடுத்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

பாஸ்வேர்டு விஷயம்தான் சிக்கல். 2022இல் வந்த 'லவ் டுடே' படத்தில் பெண்ணின் அப்பா காதலர்களைப் போனை மாற்றிக்கொள்ளச் சொல்வார். திரையில் சிரிக்கலாம். நிஜத்தில் இவர் என் பாஸ்வேர்டைக் கேட்டபோது நான் தரவில்லை. என் போனில் இருப்பவை என் ரகசியங்கள் மட்டுமா? குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் அக்கா, வேலை போனதை வீட்டில் சொல்லாத தோழி, இவர்களெல்லாம் என்னை நம்பி எழுதியவையும் அதில்தான் இருக்கின்றன. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "என் தம்பி விஷயமும் அப்படித்தான் இருக்கு" என்றார். பேச்சு தம்பி பக்கம் போய்விட்டது.