ஊரடங்குக் காலப் படிப்பும் வீட்டு ஆய்வுக்கூடமும்

2020 மார்ச் 25 அன்று இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்த ஊரடங்கு, முதலில் 21 நாள் என்று அறிவிக்கப்பட்டுப் பின்னர் மே இறுதிவரை தவணை தவணையாக நீண்டபோது, தகவல் தொழில்நுட்ப வேலைக்கெனப் படித்துக்கொண்டிருந்தோர் பயிற்சி மையத்தையும் அதன் ஆய்வுக்கூடத்தையும் ஒருசேர இழந்தனர். என்பிடெல் போன்ற இலவச இணையவழிப் பாடங்கள் இருந்தமையால் கேட்பதற்குக் குறைவில்லை. கைவைத்துப் பழகுவதற்கே இடமில்லாதிருந்தது. வீட்டில் ஒதுக்கி வைத்திருந்த பழைய மடிக்கணினியைப் பொழுதுபோக்காகக் குடைந்துகொண்டிருந்தவர்களுக்கே படித்தது நிலைத்தது என்பது அக்காலத்து அனுபவம் உணர்த்தும் முதன்மையான செய்தியாகும்.

பழைய கணினியில் முதலில் பார்க்க வேண்டியது அதன் செயலி 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்பதே. 2020 ஏப்ரல் 23 அன்று வெளியான லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 20.04, பழைய 32 பிட் இன்டெல் வகைச் செயலிகளுக்கு நிறுவல் கோப்பு வழங்கவில்லை. அன்று நடப்பிலிருந்த மற்றொரு லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 10 வழங்கியது. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி என்ற கைபேசி டேட்டாவை வீடே பங்கிட்டுக்கொண்ட நிலையில், சில நூறு மெகாபைட் அளவே கொண்டு, வேண்டிய மென்பொருளை மட்டும் பின்னர் இறக்கிக்கொள்ளும் டெபியனின் சிறு நிறுவல் கோப்பு பெரிதும் உதவியது. சுட்டியால் இயக்கும் வரைகலைத் திரையை நிறுவாமல், கட்டளைகளைத் தட்டச்சு செய்தே கணினியை இயக்கினால் நினைவகம் மிச்சமாகும். லினக்ஸ் சர்வர்கள் பெரும்பாலும் அவ்வாறே இயங்குவதால், அப்பழக்கமே வேலைக்குரிய பயிற்சியாகவும் அமையும்.

வலையமைப்புப் பாடத்தில் பலரைத் தடுத்து நிறுத்துவது சப்நெட், அதாவது ஒரு முகவரித் தொகுதியைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் முறை. 192.168.1.0 என்ற தொகுதியை /26 என்ற அளவில் பிரித்தால், ஒவ்வொரு பகுதிக்கும் 64 முகவரிகள் கிடைக்கும் என்பதையும், முதலும் கடைசியும் நீங்க 62 மட்டுமே கணினிகளுக்கு உரியவை என்பதையும் மனப்பாடம் செய்யலாம். மனப்பாடம் தேர்வு அறைவரைகூட வருவதில்லை. கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் மெய்நிகர் கணினிகள் இரண்டை விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் அமைத்து, ஒன்றுக்கு 10, மற்றதற்கு 70 என முடியும் முகவரிகளை /26 அளவோடு கொடுத்துவிட்டு, ஒன்றிலிருந்து மற்றதைப் பிங் செய்து, அதாவது மறுமொழி வருகிறதா என்று கேட்டு, பார்க்க வேண்டும். இடையில் ரவுட்டர் இல்லாதவரை மறுமொழி வராது. 10 முதல் பகுதியிலும் 70 இரண்டாம் பகுதியிலும் இருப்பதே காரணம் என்று தாமே கண்டவர் அதை மறப்பதில்லை. மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்துவிட்டால், எதை வேண்டுமானாலும் கெடுத்துப் பார்த்து, பழைய நிலைக்கு மீளலாம் என்பதால், வேண்டுமென்றே கெடுப்பதைப் பாடத்திட்டத்தின் பகுதியாகவே கொள்ளுதல் தகும்.

கெட்டது எவ்வாறு தெரிந்தது, கணினி தன் நிகழ்வுகளைப் பதியும் லாக் கோப்பில் என்ன இருந்தது, எதைச் செய்தபின் சரியானது என மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுவது நேர்முகத் தேர்வுக்கு மிகச் சிறந்த ஆயத்தம். இணையதளம் திறக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்ற வினாவுக்கு, முதலில் இணைப்பு, அடுத்து கணினியின் முகவரி, பிறகு பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்று வரிசையாகச் சொல்ல, அவ்வரிசையில் முன்பே தேடிப் பழகியிருக்க வேண்டும்.

சான்றிதழ்த் தேர்வைப் பொறுத்தவரை, சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புச் சான்றிதழான சிசிஎன்ஏ 2020 பிப்ரவரி 24 முதல் ஒரே தேர்வாக மாறியிருந்தது. தேர்வு மையங்கள் மூடப்பட்டபின் வீட்டிலிருந்தே எழுதும் வாய்ப்பும் வந்தது. ஆனால் கேமரா வழியே கண்காணிக்கப்படும் அத்தேர்வு, வெறுமையான மேசையையும் வேறெவரும் நுழையாத அறையையும் கேட்பது. ஒற்றை அறையில் குடும்பமே வாழும் வீட்டினருக்கு இது எளிதன்று. அத்தகையோர் மையம் திறக்கும்வரை பொறுத்திருந்ததைச் சோம்பலாக எண்ணுவது பெரும் தவறு.

டேட்டா தீர்ந்த மாலைகளில் லினக்ஸ் கணினிக்குள்ளேயே நிறுவப்பட்டிருக்கும் மேன் பக்கங்கள், அதாவது ஒவ்வொரு கட்டளையின் பயனையும் விருப்பத் தேர்வுகளையும் விளக்கும் கையேடு, இணையமின்றியே படிக்கக் கிடைக்கும். அவற்றின் நடை முதலில் இறுக்கமாகத் தோன்றினும், நாளுக்கு ஒரு கட்டளை எனப் படித்து உடனே இயக்கிப் பார்ப்பவர், காணொளிகள் தொடாமல் விடும் நுட்பங்கள் பலவற்றை அங்கேயே பெறுகிறார்.