வேலியில் கரண்ட் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

மருதமலை அடிவாரத்து வீட்டுத் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் உழுதுபோட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசையாக வளர்த்த சேப்பங்கிழங்குப் பாத்தி ஒரே ராத்திரியில் போனால் யாருக்கும் வயிறெரியும். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. வேலிக் கம்பியில் வீட்டுக் கரண்டைக் கொடுத்துவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாராமே, அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்கப் போட்ட சட்டவிரோத மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்து விழுந்தன. குட்டிகள் இரண்டு தாயில்லாமல் நின்றன. உங்கள் பக்கமும் யானை நடமாட்டம் உண்டு. யானையை விடுங்கள், விடிகாலையில் பால் போட வருகிறவரும், பந்தெடுக்க ஓடிவரும் பிள்ளையும் அந்தக் கம்பியைத்தான் தொடுவார்கள். தீனிக்குள் வெடியை மறைத்து அவுட்டுக்காய் வைப்பது இன்னும் கொடுமை. பன்றிக்கென்று வைத்த வெடியை யானைக்குட்டி கடித்தால், வாய் சிதைந்து, தீனி எடுக்க முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும்.

முதலில், வந்தது பன்றிதானா என்று காலையில் மண்ணைப் பாருங்கள். பன்றி மூக்கால் நெம்பிக்கொண்டே போகும். புல் வேரோடு புரண்டு கிடக்கும். ஈர மண்ணில் பிளந்த குளம்புத் தடமும், சில இடங்களில் அதற்குப் பின்னால் இரண்டு சிறு குழிகளும் தெரியும். முள்ளம்பன்றியாக இருந்தால் தென்னங்கன்றின் அடியைக் கடித்திருக்கும், ஓரிரு முள்ளும் உதிர்ந்திருக்கலாம். சுவரோரம் வளை பறித்து மண்ணை வெளியே தள்ளியிருந்தால் பெருச்சாளி. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

பன்றிதான் என்றால் இவற்றைச் செய்யுங்கள். சாயங்காலம் புல்தரைக்குத் தண்ணீர் விடுவதாகச் சொல்கிறீர்கள். அதைக் காலைக்கு மாற்றுங்கள். ஈரத்துக்கு மண்புழு மேலே வரும், இளகிய மண்ணைக் கிளறுவதும் பன்றிக்குச் சுலபம். மோப்பத்தில் பன்றியை மிஞ்சுவது கடினம், அதனால் மரத்தடியில் விழுந்த கொய்யாவை இருட்டுவதற்குள் பொறுக்கிவிடுங்கள். சோற்று மிச்சத்தையும் காய்கறித் தோலையும் ராத்திரி வாசலில் வைக்காமல், குப்பை வண்டி வரும் நேரத்தில் கொடுங்கள். கிழங்குப் பாத்தியை மட்டுமாவது கம்பி வலையால் சுற்றி அடையுங்கள். வலையின் அடிப்பகுதி ஒரு அடியாவது மண்ணுக்குள் இறங்க வேண்டும். பன்றி தாண்டுவதைவிடக் கீழே நெம்பி நுழையத்தான் பார்க்கும். கேட்டுக்கு அடியில் இருக்கும் இடைவெளியையும் அடைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், உங்கள் வீதி முனையில் புதர் மண்டிய காலி மனை அப்படியே கிடந்தால் பாதிப் பயன்தான். பகலில் பன்றிகள் படுக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. ஒன்றிரண்டைக் கொன்றாலும் தீராது: ஒரு பெட்டை ஒரு ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டி போடும், தீனியும் மறைவும் இருக்கும்வரை வேறு கூட்டம் வரும்.

அரசே சுட அனுமதித்துவிட்டதே என்று கேட்டிருக்கிறீர்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது இதுதான்: காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம். எந்த இடத்திலும் நாமாகக் கொல்ல அதில் வழியில்லை.

குட்டிகளோடு பன்றியைப் பார்த்தால் கம்போடு விரட்டப் போகாதீர்கள், தாய் பாய்ந்துவிடும். வீட்டுக்குள்ளிருந்தே விளக்கைப் போடுங்கள், சத்தம் கொடுங்கள். பகலிலும் நகராமல் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே வீதிக்காரர்கள் நாலு பேரைக் கூட்டி அந்த மனைக்காரரிடம் பேசுங்கள். அவர் புதரை வெட்ட மறுத்தால், எல்லோரும் கையெழுத்துப் போட்டு மாநகராட்சியில் மனுக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்