மூட்டை கட்டும் நேரத்து ஏக்கம்

கேள்வி: வீட்டைக் காலி செய்யும்போது எழும் ஏக்கம் நகரவாசிகளுக்கு மட்டும் உரியதா? கல்வராயன் மலை மக்களிடம் அதற்குத் தடயம் உண்டா?

பதில்: இந்த ஏக்கத்துக்கு மருத்துவப் பெயர் சூட்டியவர் யோகான்னஸ் ஹோஃபர்; ஊர்திரும்பல், வலி என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1688-இல் பாசெல் நகரில் அளித்த ஆய்வேட்டில் 'நாஸ்டால்ஜியா' என்னும் சொல்லை அவர் உருவாக்கினார். ஆனால் பெயர் பிந்தியது, உணர்வு முந்தியது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிகள், அதாவது மலையில் வாழ்பவர் எனப் பொருள்படும் பெயருடைய, தமிழ் பேசும் பழங்குடியினர் (கேரளத்தாரோடு இவர்களைக் குழப்புதல் தவறு), தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் என்றும், அவர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் கூறும் மரபை, எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய தம் தொகுப்பில் பதிவு செய்துள்ளார். இக்கதைக்குக் கல்வெட்டுச் சான்றைத் தேடுவதைவிட, அதில் தெய்வமும் இடம்பெயர்வதைக் கவனிப்பதே பயன் தரும். ஏனெனில் காஞ்சியை விட்டு நீங்கிய கரியராமன் என்னும் தெய்வத்தைத் தொடர்ந்தே இம்மக்கள் மலைக்கு வந்ததாக அம்மரபு சொல்வதால், விட்டுவந்த ஊரின் மிக விலையுயர்ந்த பொருள் மூட்டைக்குள் அடங்காமலேயே உடன் வந்துவிடுகிறது.

இன்று நிலைமை வேறு: பிழைப்புக்காகக் காப்பித் தோட்டங்களுக்குச் செல்லும் குடும்பங்கள் துணியையும் பாத்திரத்தையும் கட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, முதியோரை விட்டுச் செல்கின்றன. ஹோஃபர் பரிந்துரைத்த மருந்துகளில் முடிவானதோ ஒன்றுதான்: நோயாளியை ஊருக்குத் திருப்பி அனுப்புதல்.