வந்தே பாரத்தில் ஒருநாள் பயணம்: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

கோவையிலிருந்து சென்னைக்கு ஒரே நாளில் போய்வர டிக்கெட் போடுமுன் இவற்றைப் பாருங்கள்.

1. ஊரில் கிடைக்கும் நேரத்தை எண்ணுங்கள். காலை 6 மணி வாக்கில் கிளம்பும் வண்டி சென்ட்ரல் சேர ஏறக்குறைய 12 ஆகும். மதியம் இரண்டரைக்குள் திரும்பும் வண்டி கிளம்பிவிடும். கல்யாண வீட்டில் தலைகாட்டக்கூட அந்த நேரம் போதாது.

2. போக வந்தே பாரத், திரும்ப இரவு சேரன் எக்ஸ்பிரஸ் எனப் பிரித்துப் போடுங்கள். ஸ்லீப்பரில் கட்டணம் குறைவு. மாலை முழுவதும் கையில் இருக்கும்.

3. வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். ஆட்டோ, மெட்ரோ, ஸ்டேஷனில் வண்டி நிறுத்தும் கட்டணம் எல்லாம் சேர்ந்துதான் உண்மையான செலவு.

4. பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் என்று எண்ணிவிடாதீர்கள். 5 வயது நிறைந்துவிட்டால் சேர் காரில் முழுக் கட்டணம்.

5. இட்லி கட்டிக்கொண்டு போவதானால், டிக்கெட் போடும்போதே ‘உணவு வேண்டாம்’ என்று குறியுங்கள். சாப்பாட்டுக்கான தொகை கட்டணத்தில் குறையும்.

6. போவது உறுதியாகாமல் தட்கல் போடாதீர்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

7. போகும் வேலை போனிலோ தபாலிலோ முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடிந்தால் முழுப் பணமும் மிச்சம்.