குட்டி ஆர்.என்.ஏ. செய்யும் பெரிய வேலை



நம் உடம்பில் கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. அப்படியென்றால் இதயம் மட்டும் ஏன் துடிக்கிறது? சிறுநீரகம் மட்டும் ஏன் வடிகட்டுகிறது? எந்தப் புரதத்தை எங்கே, எவ்வளவு செய்வது என்று ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அதில் ஒரு பங்கு மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு உண்டு.

எப்படி வேலை செய்கிறது?

டி.என்.ஏ.வை அலமாரியில் பூட்டி வைத்த சமையல் புத்தகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு சீட்டு எழுதிச் சமையலறைக்குப் போகும். அதுதான் தூதுவ ஆர்.என்.ஏ. அதைப் படித்து ரைபோசோம் புரதம் செய்யும். மைக்ரோ ஆர்.என்.ஏ. அந்தச் சீட்டில் போய் ஒட்டிக்கொண்டு "போதும், நிறுத்து" என்று சொல்லிவிடும். சில சமயம் சீட்டே அழிந்துபோகும். இத்தனைக்கும் அதன் நீளம் சுமார் 22 எழுத்துதான்!

யார் கண்டுபிடித்தது?

அமெரிக்காவின் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 1 மி.மீ. நீளமுள்ள புழுவை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டார்கள். 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முழங்காலில் அடிபட்டால் தழும்பு விழுகிறதல்லவா? இதயத்திலும் சிறுநீரகத்திலும்கூட விழும். அதற்குக் கொல்லாஜன் என்ற புரதம் காரணம். மிர்-29 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. கொல்லாஜனை அடக்கி வைக்கும். மாரடைப்பு வந்த இடத்தை ஒட்டி அது குறைந்துவிடுகிறது. உடனே கொல்லாஜன் கூடி, இதயத் தசை விறைத்துப்போகிறது. மிர்-21 இதற்கு நேர்மாறு. அது நோயுற்ற சிறுநீரகத்தில் கூடி, தழும்பை வளர்க்கிறது.

எங்கள் பெரியம்மா டயாலிசிஸ் போகிறார். "கிட்னிக்குத்தானே நோய், இதயத்துக்கு ஏன் மாத்திரை?" என்று எனக்குச் சந்தேகம். கிட்னி கெட்டால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும், இரத்த அழுத்தம் ஏறும், இதயம் கூடுதலாக உழைத்துக் களைத்துவிடும். இரண்டும் ஒரே வண்டியின் மாடுகள் மாதிரி.

மருந்து வந்துவிட்டதா?

மிர்-21-ஐ அடக்கியபோது எலிகளின் சிறுநீரகத்தில் தழும்பு குறைந்தது. ஆனால் ஆல்போர்ட் என்ற பரம்பரைச் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து பலன் தரவில்லை. 2022-இல் அந்தச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஆராய்ச்சி மட்டும் நிற்கவில்லை.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிறுநீரக நோய் ஆரம்பத்தில் வலிக்காது. அதனால் வீட்டில் சர்க்கரை, பிரஷர் உள்ள பெரியவர்களை இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தழும்பு விழுந்த பிறகு அழுவதைவிட, விழாமல் காப்பதே நல்லது.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி