ரெட்ரோஆர்ச் திறந்ததும் விழிக்காமல் இருக்க

பழைய வீடியோ கேம்களைக் கணினியில் ஆட ரெட்ரோஆர்ச்சை நிறுவியாயிற்று. திறந்தால் வெறும் மெனு. உதவிக் குறிப்புகளோ ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக எழுதியவை. இப்படிச் செய்து பாருங்கள்:

1. முதலில் ‘லோட் கோர்’ போய், ‘டவுன்லோட் எ கோர்’ அழுத்துங்கள். ரெட்ரோஆர்ச் வெறும் கூடுதான். ஆட்டத்தை ஓட்டுவது கோர்.

2. சூப்பர் நின்டெண்டோவில் ஆரம்பியுங்கள், ஸ்னெஸ்9எக்ஸ் கோர் போதும். பயாஸ் (கன்சோலின் தொடக்க மென்பொருள்) கோப்பு தேடும் வேலை இல்லை.

3. பிளேஸ்டேஷன் ஆட்டம் திறக்க மறுக்கிறதா? பீட்டில் பிஎஸ்எக்ஸ் கோரை ஏற்றிவிட்டு ‘இன்ஃபர்மேஷன்’ பகுதியில் ‘கோர் இன்ஃபர்மேஷன்’ பாருங்கள். எந்த பயாஸ் இல்லை என்று அங்கேயே போட்டிருக்கும் (உதவிக் குறிப்புகளில் இதை முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாம்!). அந்தக் கோப்பை ‘சிஸ்டம்’ ஃபோல்டரில் வையுங்கள். கோப்பின் பெயர் அங்கே காட்டியபடியே, சின்ன எழுத்து, பெரிய எழுத்துகூட மாறாமல் இருக்கட்டும். மாறினால் கோரின் கண்ணில் அது படாமல் போகலாம்.

4. சிடி ஆட்டத்தில் ‘பின்’ கோப்பை விட்டு ‘க்யூ’ கோப்பைத் திறவுங்கள். எந்தப் பாட்டு, எந்தத் தரவு எங்கே என்ற விவரம் அதில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும்.

5. ஆர்கேட் ஆட்டங்களின் ஜிப்பைப் பிரிக்காதீர்கள், பெயரையும் மாற்றாதீர்கள். பெயரை வைத்துத்தான் கோர் ஆட்டத்தை அடையாளம் காண்கிறது.

6. ஆட்டத்தின் நடுவே மெனு வேண்டுமா? எஃப்1.